திருமலைக்குப் பிள்ளைகளோடு நடந்து ஏறணும்: காரை அலிபிரியில் விடுவதா, ஸ்ரீவாரி மெட்டிலா?

வேலூர்_எர்டிகா:

வணக்கம். வேலூரிலிருந்து எர்டிகாவில் ஆறு பேர் கிளம்புறோம். நானும் மனைவியும் (ரெண்டு பேரும் ஓட்டுவோம்), மாமியார் (62 வயசு, முழங்கால் வலி, படி ஏற முடியாது), பிள்ளைகள் 11, 8, 4 வயசு. 300 ரூபாய் டிக்கெட், சனிக்கிழமை மதியம் 3 மணி ஸ்லாட். மேலே ரூம் கிடைக்கலை. தரிசனம் முடிஞ்சு அன்னைக்கு ராத்திரியே வீடு திரும்பணும்.

நடந்து ஏறுறதா வேண்டுதல். அலிபிரி, ஸ்ரீவாரி மெட்டுன்னு ரெண்டு படிப்பாதை இருக்கு. மேப்பில் பார்த்தா சித்தூர் ரோட்டிலிருந்து வர்றவங்களுக்கு ஸ்ரீவாரி மெட்டுதான் பக்கம், படியும் குறைவு. அங்கேயே காரை விட்டுட்டு ஏறிடலாமா, இல்லை அலிபிரிதான் சரியா? மாமியாரை பஸ்ஸில் ஏத்தி விட்டா போதுமா? நாலு வயசுக்காரன் எவ்வளவு தூரம் நடப்பான்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சேஷாசலம்_படி:

சார், ஏறுற இடத்தை வச்சு பார்க்கிங்கை முடிவு பண்ணாதீங்க. ராத்திரி எங்கே வந்து இறங்குவீங்க, அதை வச்சு முடிவு பண்ணுங்க.

திருமலையிலிருந்து திருப்பதிக்கு இறங்குற அரசு பஸ் எல்லாம் பழைய காட் ரோடு (மலை ரோடு) வழியா அலிபிரிக்குத்தான் வரும். ஸ்ரீவாரி மெட்டு இருக்கிறது ஸ்ரீனிவாச மங்காபுரத்துக்கு உள்ளே, காட்டு ஓரத்தில். அலிபிரியிலிருந்து ரோட்டில் சுமார் 15 கி.மீ. உங்க கணக்கையே போட்டுப் பாருங்க. 3 மணி ஸ்லாட்டுன்னா சனிக்கிழமை கூட்டத்தில் வெளியே வர ஆறு, ஏழு ஆகும். லட்டு வாங்கி, அன்னதானத்தில் சாப்பிட்டு, பஸ் பிடிச்சு அலிபிரி வந்து நிக்கும்போது ஒன்பதைத் தாண்டிடும். ஸ்ரீவாரி மெட்டு நடைபாதையை சாயங்காலம் 6 மணி வாக்கில் அடைச்சிடுவாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆட்டோக்காரர் வர யோசிப்பார், வந்தாலும் காலியாத் திரும்புற ஓட்டத்துக்கும் சேர்த்துக் கேப்பார். தூங்கி விழுற பிள்ளையைத் தோளில் போட்டுக்கிட்டு அந்நேரத்தில் பேரம் பேச முடியாது.

ஸ்ரீவாரி மெட்டில் வண்டியை விடலாம், இடமும் இருக்கு. காலையில் ஏறி, மதியத்துக்குள்ள தரிசனம் முடிச்சு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்புறவங்களுக்கு அது சரி. 3 மணி ஸ்லாட்டுக்கு ஒத்து வராது.

உங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கு. மாமியார் எப்படியும் வண்டியில்தான் வரணும், ஓட்ட ரெண்டு பேர் இருக்கீங்க. அப்புறம் காரை எதுக்குக் கீழே விடணும்? நடக்கிறவங்களை ஸ்ரீவாரி மெட்டில் இறக்கி விட்டுட்டு, ஓட்டுறவர் காரை மேலே கொண்டு போகட்டும். ராத்திரி எல்லாரும் ஒண்ணா நம்ம வண்டியிலேயே இறங்கிடலாம்.

நேரம் இப்படி வரும். வேலூரிலிருந்து சித்தூர் வழியா சுமார் 110 கி.மீ. அதிகாலை 3.30க்குக் கிளம்பினா சந்திரகிரி தாண்டி ஸ்ரீனிவாச மங்காபுரம் போர்டு பார்த்துத் திரும்பி, 6 மணிக்கு மெட்டு அடிவாரம். திருப்பதி ஊருக்குள்ளேயே போக வேண்டியதில்லை. அங்கே பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காம ஓட்டுறவர் கிளம்பிடணும். செர்லோபள்ளி ரோட்டைப் பிடிச்சு அலிபிரி போக அரை மணி, செக்போஸ்ட்டில் சனிக்கிழமை அரை மணியிலிருந்து ஒரு மணி, காட் ரோடு 40 நிமிஷம். மேலே போய் வண்டியை நிறுத்த எட்டேகால், எட்டேமுக்கால். எட்டு வயசுப் பிள்ளையோட ஸ்ரீவாரி மெட்டு ஏற இரண்டரை மணி நேரம் வைங்க. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேரும். மூணு மணி வரைக்கும் மொட்டை போட, குளிக்க, பிள்ளைகள் ஒரு தூக்கம் போட நேரம் தாராளம்.

ஒரு எச்சரிக்கை. 2021 நவம்பர் மழையில் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை அடிச்சுக்கிட்டுப் போய், மறுபடி திறக்க 2022 மே ஆச்சு. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம்னு செய்தி வந்தா, பாதை திறந்திருக்கான்னு முந்தின நாளே தேவஸ்தானத்தில் விசாரிச்சுக்கங்க. அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பி அலிபிரி வந்தா ஒரு மணி நேரம் வீண்.

---

முழங்கால்_முறிச்சான்:

மேலே சொன்ன திட்டம் சரி. ஆனால் "படி குறைவு" என்ற ஒரே காரணத்துக்காக ஸ்ரீவாரி மெட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே 2388 படி, 2.1 கி.மீ. அலிபிரியில் 3550 படி, சுமார் 9 கி.மீ. ஸ்ரீவாரி மெட்டில் சமதளம் என்பது மிகக் குறைவு. ஏறத் தொடங்கினால் கடைசி வரை ஏற்றம்தான். அலிபிரியில் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் படிகள், அதாவது காலி கோபுரம் வரை, மூச்சு வாங்கும். அதன் பிறகு நெடுந்தூரம் நடைதான்: ஏழாவது மைல் ஆஞ்சநேயர், மான் பூங்கா, வழியெல்லாம் கடைகள். முடியும் தறுவாயில் முழங்கால் முறிச்சான் என்கிற செங்குத்தான ஏற்றம் ஒரு கை பார்த்துவிடும்.

பிள்ளைகளுக்கு எது நல்லது என்பது வயதைப் பொறுத்தது. பத்து வயதுக்கு மேல், விளையாட்டுப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு அலிபிரி பிடிக்கும். வேடிக்கை பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் குடும்பமாகப் போனால் ஐந்து மணி நேரம், ஆறுகூட ஆகும். எட்டு வயதுக்கு ஸ்ரீவாரி மெட்டுதான். தூரம் குறைவு என்பதால் "இன்னும் எவ்வளவு?" என்ற கேள்வி தொடங்குவதற்குள் பாதி முடிந்திருக்கும். படிகளில் எண் எழுதியிருப்பதும் உதவி. இருநூறு படிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நிற்க வையுங்கள். உட்கார விட வேண்டாம். உட்கார்ந்து கால் ஆறிவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. உட்கார்ந்து ஓய்வு வேண்டுமென்றால் பாதி தூரத்தில் ஒரே ஒரு முறை, பத்து நிமிடம், கடலை மிட்டாயோ வாழைப்பழமோ கொடுத்து. பழத்தைப் பைக்குள்ளேயே வைத்து எடுத்துக் கொடுங்கள். கையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால் குரங்கு வந்து பிடுங்கும், குழந்தை பயந்து படியில் உருளும்.

நான்கு வயதுக் குழந்தையை நடக்க வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முந்நூறு படி உற்சாகமாக ஓடுவான். பிறகு பதினாறு கிலோவை நீங்கள்தான் சுமக்க வேண்டும். அவன் பாட்டியோடு காரில் வரட்டும். வேண்டுதலில் அவனும் சேர்த்தி என்றால் அடிவாரத்தில் முதல் பத்துப் படியை ஏறவைத்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், பெருமாள் கணக்குப் பார்க்க மாட்டார். தள்ளுவண்டியை எந்தப் பாதைக்கும் கொண்டுவராதீர்கள்.

செருப்பு விஷயம் பார்க்கிங்கோடு சம்பந்தப்பட்டது. வெறுங்காலோடு ஏறுவதாக இருந்தால் செருப்பைக் காரிலேயே விடுங்கள். கார் மேலே வந்துவிடுமே. பாதையின் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. இருந்தாலும் கூரை விட்டுப் போன இடங்களில் பத்து மணிக்கு மேல் கல் சுடும். பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள், பிள்ளைகளின் பாதம் கொப்பளித்துவிடும். அதற்காகத்தான் ஆறு மணிக்கே தொடங்கச் சொல்வது. முன்னெச்சரிக்கையாக ஆளுக்கு ஒரு ஜோடி பருத்திக் காலுறை வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் மட்டும் காலுறை ஆகாது, வழுக்கும்.

சிறுத்தை. 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் ஆறு வயதுச் சிறுமி சிறுத்தை தாக்கி இறந்தாள். அதே ஆண்டு ஜூனில் ஒரு சிறுவன் தாக்கப்பட்டு உயிர் பிழைத்தான். அதன் பிறகு மதியம் 2 மணிக்கு மேல் சிறுவர்களோடு நடக்க விடுவதில்லை என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கைத்தடிகூடக் கொடுத்தார்கள்; அதை வைத்துச் சிறுத்தையை என்ன செய்வது என்று கேட்டால் பதில் கிடையாது. வயது வரம்பும் நேரமும் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே விதி: பிள்ளை முன்னால் ஓடக்கூடாது, பின்னால் தங்கவும் கூடாது. பிள்ளைகளோடு நடப்பது ஒரு பெரியவர்தான் என்பதால் இரண்டு பிள்ளைகளும் அவருக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில். முன்னே பின்னே ஆளில்லாத நேரம் வந்தால் நின்று, அடுத்த கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். சிறுநீர் கழிக்கப் புதருக்குப் பின்னால் அனுப்பாதீர்கள். வழியில் கழிப்பறைகள் இருக்கின்றன.

அலிபிரியைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. மேல்பகுதியில் நடைபாதை, வண்டிகள் இறங்கும் காட் ரோட்டை ஒட்டியே போகும் இடம் உண்டு. களைத்துப்போன பிள்ளை தள்ளாடும் நேரமும் அதுவே. அங்கே கையை விடாதீர்கள்.

---

அலிபிரி_லிங்க்:

ரெண்டு டிரைவர் இல்லாதவங்களும் இந்த இழையைப் படிப்பாங்க, அவங்களுக்கு. மொத்தக் குடும்பமும் நடக்குதுன்னா காரை அலிபிரியில் விடுங்க. பாலாஜி லிங்க் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டணப் பார்க்கிங் இருக்கு. உள்ளே நுழையும்போதே "ராத்திரி தங்கினா எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு கணக்கு"ன்னு கேட்டு, ரசீதில் வண்டி நம்பர் சரியா இருக்கான்னு பாருங்க. இலவச தரிசனத்துக்குப் போறவங்களுக்கு வெளியே வர்ற நேரம் யார் கையிலும் இல்லை, ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும்.

ரசீதை போட்டோ எடுத்து வீட்டில் இருக்கிற ஒருத்தருக்கு அனுப்பிடுங்க. கோயிலுக்குள்ள போன் கொண்டு போக முடியாது, கவுண்டரில் கொடுக்கணும். பேப்பர் ரசீது வேட்டி மடிப்பில் நனைஞ்சு கிழிஞ்சு போறது சகஜம்.

காட்டு ஓரமா மரத்தடி நிழல் பார்த்து வண்டியை விடாதீங்க. குரங்கு வைப்பர் ரப்பரையும் ஆன்டெனாவையும் கடிச்சு வைக்கும். சீட்டில் பழத்தோல், பிஸ்கட் பாக்கெட் தெரிஞ்சா அந்த வண்டியை விட்டு நகராது. வெயிலில் நின்னாலும் பரவாயில்லை, ஆள் இருக்கிற இடமா பாருங்க.

இன்னொரு வழி, திருப்பதி ஊருக்குள்ள தங்குற லாட்ஜிலேயே வண்டியை விட்டுட்டு ஆட்டோவில் அலிபிரி போறது. நாலைஞ்சு கி.மீ.தான். ராத்திரி தங்கிட்டுக் காலையில் ஏறுறவங்களுக்கு இதுதான் நிம்மதி. மேலேயிருந்து வர்ற பஸ் ஊருக்குள்ளேயும் வரும், அலிபிரியில் இறங்கவே வேண்டாம்.

---

இரண்டாவது_கியர்:

எல்லாரும் நடக்கிறதைப் பத்தியே பேசிட்டீங்க. காரை மேலே கொண்டு போறதில்தான் முதல்முறைக்காரங்க மாட்டுவாங்க.

அலிபிரி செக்போஸ்ட்டில் வண்டியை ஓட்டுறவர் மட்டும் வண்டியில் இருப்பார். மத்தவங்க இறங்கி, பைகளோட ஸ்கேனர் வழியா நடந்து வரணும். உங்க நிலைமையில் அது முழங்கால் வலிக்கிற மாமியாரும் நாலு வயசுப் பையனும்! அதனால ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே சக்கரப் பை, அதிகமாப் போனா ரெண்டு. அஞ்சாறு கட்டைப்பையில் துணியை அடைச்சு வச்சா அவங்களால இழுக்கவும் முடியாது, பையனைப் பிடிக்கவும் முடியாது. சிகரெட், பீடி, மது, அசைவம், பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் எதுவும் கூடாது. டேஷ்போர்டில் யாரோ மறந்து வச்ச சிகரெட் பாக்கெட்டுக்காக லைன்ல நிக்கிறது தேவையா? கிளம்புற முந்தின நாள் வண்டியைத் துழாவிடுங்க. தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில்.

ஃபாஸ்டேக் கட்டாயம், 2025 ஆகஸ்ட் 15லிருந்து. டேக் வேலை செய்யலைன்னா ஓரம் கட்டி அங்கேயே சரி பண்ணிட்டுத்தான் விடுவாங்க. சித்தூர் ரோட்டு டோலில் காசு போனப்புறம் பேலன்ஸ் எவ்வளவு மிஞ்சும்னு பார்த்து வைங்க.

ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் தனித்தனி ரோடு. இறங்குறது 1944-ல் போட்ட பழைய ரோடு, ஏறுறது 1974-ல் வந்தது. எதிர்வண்டி கிடையாது, அதனால வேகமாப் போக ஆசை வரும். ஆனா நேரக்கட்டுப்பாடு உண்டு: ஏற 28 நிமிஷத்துக்குக் குறையக்கூடாது, இறங்க 40 நிமிஷத்துக்குக் குறையக்கூடாது. முன்னாடியே போய்ச் சேர்ந்தா அபராதம். சில பேர் பறந்து போயிட்டு, கேட்டுக்கு முன்னாடி ஓரமா நின்னு நேரம் கழிப்பாங்க. அது ரெண்டு மடங்கு முட்டாள்தனம்.

இறங்கும்போது ரெண்டாவது கியரை விட்டு மாத்தாதீங்க. ஆட்டோமேட்டிக்னா லோ. காலை பிரேக்கிலேயே வச்சுக்கிட்டு வந்தா பேடு சூடாகி, பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் மெத்துன்னு உள்ளே போகும். ஆறு பேர், லக்கேஜ், ராத்திரி நேரம், தூக்கக் கலக்கம். பிரேக்கை நல்லா ஒரு அழுத்து அழுத்தி வேகத்தைக் குறைச்சு, முழுசா விட்டுடணும். என்ஜின் பிடிச்சுக்கும். கருகுற வாசனை வந்தா அகலமான இடத்தில் ஒதுக்கி, கால் மணி நேரம் ஆற விடுங்க. வீலில் தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும்.

எர்டிகாவில் மூணாவது வரிசை பின் சக்கரத்துக்கு நேர் மேலே. வளைவில் அதிகமா ஆடுறது அதுதான். பிள்ளையை அங்கே உக்கார வச்சா பத்தாவது வளைவில் வாந்தி. நடந்து களைச்ச பெரியவர் ஒருத்தர் பின்னாடி போகட்டும், பிள்ளைகள் நடு வரிசை, மாமியார் முன்னாடி. இறங்கி முடியுற வரை லட்டைப் பிரிக்காதீங்க, மொபைலும் கொடுக்காதீங்க. கவர் ரெண்டு கைக்கு எட்டுற இடத்தில் இருக்கட்டும்.

நள்ளிரவு 12 மணி வாக்கில் காட் ரோட்டை அடைச்சா அதிகாலை 3 வரைக்கும் திறக்க மாட்டாங்க. பத்தரைக்கு மேல தரிசனத்திலிருந்து வெளியே வந்தீங்கன்னா அவசரப்பட வேண்டாம், வண்டியிலேயே தூங்கிட்டு விடிஞ்சப்புறம் இறங்குங்க.

---

வேலூர்_எர்டிகா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மனைவி பெரிய ரெண்டு பேரோட ஸ்ரீவாரி மெட்டில் ஏறட்டும், நான் மாமியார், சின்னவனோட காரைக் கொண்டு போறேன்னு முடிவு. (வேண்டுதல் யாருடையதுன்னு வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து ஓடுது.) ரெண்டே சந்தேகம். நடக்கிறவங்க பையை அங்கே லக்கேஜ் கவுண்டரில் போட்டுடலாமா? மேலே எங்கே சந்திக்கிறது?

---

சேஷாசலம்_படி:

கவுண்டர் இருக்கு, இலவசம்தான். ஆனா கார் மேலே வரும்போது உங்களுக்கு எதுக்கு? மேலே போய் அந்தப் பைக்காக ஒரு வரிசையில் நிக்கணும், அவ்வளவுதான். கார் இல்லாதவங்க போடட்டும். அப்படிப் போடுறவங்க மாத்திரை, பணம், ஆதார், போன், கார் சாவி எல்லாத்தையும் உடம்போட வச்சுக்கணும். பை எப்போ மேலே வரும்னு சொல்ல முடியாது. அலிபிரியில் நிக்கிற காரோட சாவியைப் பைக்குள்ள போட்டு அனுப்புறவங்களும் உண்டு. உங்க மனைவி கையில் ஒரு சின்ன முதுகுப்பை போதும்: ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு துண்டு, கடலை மிட்டாய், பேண்ட்எய்டு, குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணு. தண்ணியை வழியில் நிரப்பிக்கலாம்.

சந்திக்கிற இடத்தை முன்னாடியே பேசி வைக்க முடியாது, ஏன்னா வண்டியை எங்கே நிறுத்தணும்னு அங்கே இருக்கிற போலீஸ்தான் கை காட்டுவார். சனிக்கிழமை வெளிவட்டச் சாலைப் பக்கம் அனுப்பிடுவாங்க. நிறுத்தினதும் பக்கத்தில் இருக்கிற தங்கும் விடுதியோட பேரையும் லொகேஷனையும் மனைவிக்கு அனுப்புங்க. பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும், மேலே ஏறினதும் மெசேஜ் வந்துடும். அவங்க படி முடியுற இடத்திலேயே நிக்கட்டும். நீங்க வண்டியை எடுத்துக்கிட்டுத் தேடி வராதீங்க, விட்ட இடம் போயிடும். மாமியாரையும் பையனையும் ஒரு நிழலில் உக்கார வச்சுட்டு, உள்ளூருக்குள்ள சுத்துற இலவச பஸ்ஸில் போய்க் கூட்டிட்டு வாங்க. மூணு பேருக்கும் செருப்பு எடுத்துட்டுப் போங்க. வண்டி சரிவில் நின்னா ஹேண்ட்பிரேக்கோட முதல் கியரும் போட்டு விடுங்க.

---

முழங்கால்_முறிச்சான்:

பதினொரு வயது பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை, ஆனால் வயதைக் கேட்பார்கள். ஆதார் அசலைப் பிள்ளையின் பையில் வைக்காமல் தரிசன வரிசைக்குப் போகிற பெரியவரின் கையில் கொடுங்கள். காரில் விட்டுவிட்டு வரிசைக்குப் போய், அங்கிருந்து வெளிவட்டச் சாலை வரை ஓடிவந்து எடுப்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.